நோவா தொட்டால் எரிந்த விளக்கு

முப்பது வருஷத்துக்கு மேல் நான் செய்த உத்தியோகத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், லூஸைக் கண்டுபிடிப்பது. வங்காளிகளிடம் இதைச் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். தமிழ்க்காரர்கள் உடனே சிரித்துவிடுவார்கள். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர், "இவ ஆபீசுக்கு தினம் பத்து லூஸாவது வரும். எல்லாத்தையும் சரி பண்ணிடுவா, வீட்ல இருக்கறதை மட்டும் விட்டுட்டா" என்பார். அந்த ஜோக்குக்கு வயதாகிவிட்டது. எனக்கும்தான்.

பெஹாலாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆரம்பநிலை எலக்ட்ரானிக்ஸ் செய்முறைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் சுமனா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவள், இந்த ஊர் வழக்கப்படி அக்கா என்பதற்கு 'தி' போட்டுக் கூப்பிடுவாள். "கௌரி தி, இப்பல்லாம் முதல்ல கம்ப்யூட்டர்லதான் சர்க்யூட் போடறாங்க. ஸ்க்ரீன்ல எல்லாமே ஒட்டிக்கும், லூஸ் காண்டாக்ட்டே வராது. அப்புறம் நிஜ போர்டைக் கையில குடுத்தா முழிக்கறாங்க. நீங்க பார்த்ததுல ஒண்ணு சொல்லுங்களேன், நான் அவங்களுக்குச் சொல்றேன்" என்றாள். போனிலேயே வங்காள மொழியில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபின் எனக்கே மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தமிழ்.

என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பாவுக்கு இந்த வங்காள நகரத்தில் பாங்கில் வேலை. நான் பிறந்தது, வளர்ந்தது, டிப்ளமோ படித்தது, விரலைச் சுட்டுக்கொண்டு ஈயப்பற்று வைக்கக் கற்றது எல்லாம் இந்த ஊரில்தான். வேலையில் சேர்ந்த அன்று எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அந்த நினைப்பு அன்று மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

அன்றுதான் கோஷால் பாபு ஒரு பிரெட்போர்டைப் பிளேடால் கிழித்துக் காட்டினார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரெட்போர்டு என்பது வரிசை வரிசையாய் ஓட்டை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் பலகை. பற்றவைக்கத் தெரியாத ஆரம்பக்காரர்கள் டிரான்சிஸ்டரின் காலையும் ரெசிஸ்டரின் காலையும் அந்த ஓட்டைகளில் செருகினால் போதும், சர்க்யூட் தயார். மேலே பார்த்தால் இட்லித் தட்டின் தங்கைமாதிரி சாதுவாக இருக்கும். சங்கதி எல்லாம் உள்ளே. ஒவ்வொரு ஓட்டைக்கும் அடியில் மெல்லிய உலோகத்தில் இரண்டு உதடுகள். கம்பி இறங்கும்போது விலகி, பிறகு கவ்விக்கொள்ளும். பூதக்கண்ணாடியைக் கீழே வைக்க எனக்கு மனசே வரவில்லை. இத்தனை சின்ன வாய் கம்பியைக் கவ்வுகிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் மேலே இவ்வளவு கணக்கும் வரைபடமும் நடக்கிறது.

"இது கவ்வலேன்னா நீ படிச்சது எதுவும் கிடையாது" என்றார் கோஷால் பாபு.

அவர் எங்கள் கூடத்தின் தலைவர். உயரமான மனிதர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் மேஜை மேஜையாக வருவார். எரியாத போர்டைக் காட்டி யாராவது ஓடிவந்தால், என்ன செய்தாய் என்று கேட்க மாட்டார். "என்ன பார்த்தே?" என்பார். பார்க்கவில்லை என்றால் அவ்வளவுதான், அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். ஆகே சோக், போரே ஹாத். முதலில் கண், அப்புறம் கை. நாள் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் ரசம் கொதிக்கும்போதுகூட நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. போர்டு எரியவில்லை என்றதும் எல்லாரும் செய்கிற முதல் காரியம், எல்லாவற்றையும் விரலால் அழுத்துவது. அழுத்தினால் பாதி நேரம் எரிந்தும் விடும். எது லூஸ் என்பது அதோடு மறைந்துபோகும். நாளைக்கு வேறு ஒருவர் கையில் திரும்ப அணையும். "விரல் வைத்தியம்" என்று அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார். அவர் முறை வேறு. மின்சாரத்தை நிறுத்து. ஒவ்வொரு கம்பியும் வரைபடத்தில் சொன்ன வரிசையில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார். பிறகு ட்வீசரால் ஒவ்வொரு காலையும் மயிலிறகுபோல மேலே இழு; வழுக்கிக்கொண்டு வருவதுதான் குற்றவாளி. அது தடித்த காலைச் செருகி விரிந்துபோன ஓட்டையா, மழைக்காலத்தில் கறுத்துப்போன காலா என்று பார். கறுத்த காலைச் சுரண்டு. விரிந்த ஓட்டைக்குச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வை, இனி யாரும் அங்கே குடிபோகக் கூடாது. கடைசியில் மல்டிமீட்டரை வைத்துக் காலுக்குக் கால் தொட்டுப் பார். ஓட்டைக்கு ஓட்டை தொட்டால் கவ்வாத காலையும் கவ்வுவதாகச் சொல்லிவிடும்.

அந்த நெயில் பாலிஷ் அவர் மனைவியுடையது. பாட்டில் தீரும்போதெல்லாம் அவர் வீட்டில் சண்டை வரும் என்று கேள்வி.

ஷிபானி வந்தபோது கோஷால் பாபு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது, தாக்கூர்புக்கூரிலிருந்து ஆட்டோவில் வருவாள். அவள் கணவர் பிமல் ஒரு கம்பெனியில் கம்பி இழுக்கிற லைன் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவருக்குப் பதிலாக மனைவிக்கு ரிப்பேர் பிரிவில் வேலை தருவதாகக் கம்பெனி சொன்னது. ஒரு நிபந்தனை: எங்களிடம் பயிற்சி எடுத்து, கம்பெனி அனுப்பும் அதிகாரி முன்னால் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு வாய்ப்பு. முதல் தடவை கை நடுங்கியே தோற்றுவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்று. மாமியார், பள்ளிக்கூடம் போகும் மகள், படுத்திருக்கும் கணவர், எல்லாரும் அந்த ஒன்றின்மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தேர்வுக்கான சர்க்யூட் மிகச் சாதாரணமானது. இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு எல்.இ.டி. ஒரு விளக்கு எரிந்து அணையும்போது மற்றது எரியும், மாறி மாறி. அவள் செய்தது அழகாக எரிந்தது. ஆனால் அவள் கையை எடுத்ததும் ஒரு விளக்கு அணைந்து, மற்றது அசையாமல் எரிந்துகொண்டே இருக்கும். திரும்ப இடது கையால் போர்டைப் பிடித்தால் இரண்டும் மாறி மாறி ஓடும். கையை எடுத்தால் ஒன்று போச்சு.

"ஷிபானி தி கையில மந்திரம் இருக்கு" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அது பச்சையான லூஸ் காண்டாக்ட்டாகத்தான் தெரிந்தது. அவள் மணிக்கட்டு அழுத்தும்போது எதுவோ கவ்வுகிறது, எடுத்ததும் விடுகிறது. ட்வீசரால் ஒவ்வொன்றாக இழுத்தேன். எல்லாம் உடும்புப் பிடி. கால்களைச் சுரண்டினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், எல்லாவற்றையும் கழற்றி அதே அதே இடத்தில் திரும்பச் செருகினேன். மூங்கில் குச்சியால் போர்டை அழுத்தியும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவள் கை வந்தால்தான் எரிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோஷால் பாபு அவள் மேஜைக்கு வந்தார். அவர் பார்த்தது போர்டை இல்லை, அவள் கையை. எங்கள் கூடத்தில் வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது. என் தாலிச் சங்கிலியையே நான் ரவிக்கைக்குள் விட்டுப் பின் குத்திக்கொண்டுதான் வேலை பார்த்தேன். ஷிபானி சங்கு வளையும் பவள வளையும் போட்டிருந்தாள், அவற்றால் ஆபத்தில்லை. கூடவே நோவா இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்வரை வங்காளிப் பெண்கள் இடது கையில் போடும் இரும்பு வளையம், மேலே மெல்லிய தங்கத் தகடு சுற்றியது. எங்கம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் கையை நீட்டி "நோவா, நோவா" என்று பெருமையாகக் காட்ட, கை நோவு என்று நினைத்துத் தைலம் எடுத்துக்கொண்டு ஓடினாளாம். வேடிக்கைதான். ஆனால் கழற்று என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல முடியாத பொருள் அது.

கோஷால் பாபுவும் சொல்லவில்லை. "மா, வர்ற அதிகாரி கண்டிப்பானவர். அதுமேல டேப் சுத்திக்கோ" என்றார். கறுப்பு டேப் வேண்டாம் என்று நான் தேடி மஞ்சள் இன்சுலேஷன் டேப் கொண்டுவந்து, நானே அவள் நோவாவைச் சுற்றி ஒட்டினேன். அவள் இடது கையைப் போர்டின்மேல் வைத்தாள்.

எரியவில்லை. கை அங்கேயேதான் இருந்தது, ஒரு விளக்கு செத்துக் கிடந்தது.

"நிபே கேலோ" என்றாள். அணைந்துவிட்டது. எங்கள் வீட்டில் விளக்கை அணைத்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டோம், குளிர வைத்தேன் என்போம். அவள் அதை விளக்குக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நகத்தால் டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு அதே இடத்தில் கையை வைத்தாள். இரண்டு விளக்கும் மாறி மாறி ஓடின. எடுத்தாள், ஒன்று போயிற்று. வைத்தாள், வந்தது.

அவள் எழுந்துவிட்டாள். "தீதி, இது லூஸ் இல்லை. இது அவர். நோவாவை மூடினா அவர் போயிடுவார்னு சொல்லுது. அவர் வேலையை அவர் இருக்கும்போதே நான் வாங்கிக்கப் பாக்கறேன், அதான். எனக்கு வேண்டாம்."

நான் ஏதேதோ சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரவிக்கைக்குள் இருந்த என் தாலியை நான் பிடித்துக்கொண்டு நின்றது, அவள் போனபிறகுதான் எனக்கே தெரிந்தது. டிப்ளமோவெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றோ.

கோஷால் பாபு சிரிக்கவில்லை, பெண்புத்தி என்று சொல்லவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டியபடி அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராம்பு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போயிற்று. வெகுநேரம் கழித்து, "கௌரி, அந்தப் பொண்ணு சொன்னது சரி. இது லூஸ் இல்லை" என்றார்.

பிறகு முதல் தடவையாகக் கையை முன்னால் கொண்டுவந்தார். சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, நோவா படுத்திருந்த இடத்தில் வைத்தார். அங்கே உறை போடாத இரண்டு கம்பிகள் வளைந்து, போர்டின் ஓரத்தில் ஓடும் நீலக் கோட்டு ஓட்டைகளில் இறங்கியிருந்தன. சாவி அந்த இரண்டின்மேலும் படிந்தது. விளக்குகள் ஓட ஆரம்பித்தன.

மீட்டரை எடுத்தேன். அந்த நீலக் கோட்டின் எல்லா ஓட்டைகளுக்கும் அடியில் நெடுக ஒரே கம்பி என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். பழைய போர்டுகள் குட்டையானவை, அவற்றில் அது நிஜம். இந்த நீளப் போர்டுகள் அந்தத் தடவைதான் புதிதாக வந்திருந்தன. இடது ஓரத்திலிருந்து நடுவரை தொட்டேன், மீட்டர் கூவியது. நடுவைத் தாண்டினேன், மௌனம். பின்பக்க ஒட்டுத்தாளை உரித்துப் பார்த்தால் உலோகப் பட்டை நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருந்தது. மேலே மட்டும் நீல மையில் இடைவெளி இல்லாமல் கோடு போட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் இடது பாதியிலேயே நெருக்கிச் செருகியதால் தப்பித்தார்கள். ஷிபானிக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு. இடம் விட்டு விட்டுச் செருகியதில், ஒரு டிரான்சிஸ்டரின் கம்பி வலது பாதியில் இறங்கியிருந்தது. இல்லாத இணைப்பை அவள் நோவா இத்தனை நாளாகப் போட்டுக்கொண்டிருந்தது.

நான் வாரக்கணக்காக ஆடுகிற பல்லைத் தேடியிருக்கிறேன். அங்கே பல்லே இல்லை.

ஷிபானி மறுநாள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. போர்டையும் பேட்டரியையும் பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு நானே தாக்கூர்புக்கூருக்குப் போனேன். பிமல் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷிபானி டீ கொடுத்தாள், டப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. நான் பட்டை, வெட்டு என்று விளக்க விளக்க அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்கிறது, மனசு கேட்கவில்லை என்று புரிந்தது.

பிமல்தான் போர்டை மடியில் வைக்கச் சொன்னார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சொற்கள் மெதுவாக வந்தன. "எங்கே அறுந்திருக்கு, காட்டுங்க." காட்டினேன். லைன்காரர் அல்லவா, ஒரு பார்வை போதுமாக இருந்தது. கம்பித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, அதன் உறையைப் பல்லால் உரித்து, வெட்டின் இந்தப் பக்கம் ஒரு முனையையும் அந்தப் பக்கம் ஒரு முனையையும் செருகினார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். போர்டை யாரும் தொடவில்லை. இரண்டு விளக்கும் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"பாரு, நான் பிடிச்சுக்கலை" என்றார் மனைவியிடம். "நீயும் பிடிச்சுக்க வேண்டாம். நான் போக மாட்டேன்."

ஷிபானி அப்போதுதான் அழுதாள். நான் ஜன்னலுக்கு வெளியே குளத்தைப் பார்த்துக்கொண்டு அந்த டீயைக் குடித்து முடித்தேன்.

தேர்வன்று வந்த அதிகாரி கெட்டவர் இல்லை, விதியைப் படித்துவிட்டு வந்தவர். ஷிபானியின் கையில் டேப் சுற்றிய நோவாவைப் பார்த்ததும், "டேப் சுத்தினாலும் மெட்டல் மெட்டல்தான். கழட்டிட்டு ஆரம்பிங்க" என்றார். கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்தோம். கோஷால் பாபு ஒரு அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். அது அவரே எழுதிய விதி.

ஷிபானியின் கை இந்தத் தடவை நடுங்கவில்லை. "ஸார், போர்டுக்குப் பக்கத்துல மெட்டல் வரக் கூடாது. விதி அவ்வளவுதானே?"

"ஆமாம்."

"வராது" என்றாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புடவைச் செருகலுக்குள் நுழைத்துக்கொண்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார், நான் கோஷால் பாபுவைப் பார்த்தேன், அவர் ஷிபானியைப் பார்த்தார். நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

இரண்டு கையால் செய்தாலே தடுமாறுகிற வேலை அது. போர்டு வழுக்கும், கம்பி சுருளும், ஓட்டையோ ஊசிக்காது அளவு. ஷிபானி கனமான பவர் சப்ளைப் பெட்டியின்மேல் போர்டைச் சாய்த்து முட்டுக்கொடுத்தாள். டிரான்சிஸ்டரின் கால்களை மேஜை விளிம்பில் அழுத்தி விரித்தாள். கம்பியின் உறையைப் பல்லால் உரித்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால், வெறும் போர்டில், நீலக் கோட்டின் நடுவில் அந்தச் சின்னப் பாலத்தைச் செருகினாள். பிறகு பெட்டியை ஒட்டிய ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் வந்தாள். ஒவ்வொன்றையும் செருகியதும் மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டாள். நான் எத்தனையோ கெட்டிக்காரக் கைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கையை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அதிகாரி குனிந்து நடுக்கம்பியைக் காட்டினார். "இது வரைபடத்துல இல்லையே. எதுக்கு?"

"அங்கே ஒண்ணும் இல்லை ஸார். அதுக்கு."

ஸ்விட்சைப் போட்டுவிட்டு வலது கையையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு விளக்கும் மாறி மாறி ஓடின. அதிகாரி மேஜையைத் தட்டிப் பார்த்தார், போர்டைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். அவை பாட்டுக்கு ஓடின. அவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் முகம் சாதாரணமாக இருந்தது. "ஒத்தைக் கையால செய்ய எப்போ பழகினே? எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றேன்.

"பழகவே இல்லை, தீதி. உள்ளே நின்னப்போதான் தோணிச்சு." மண்குவளையை வலது கையிலேயே பிடித்திருந்தாள். "அவர் ஒத்தைக் கையால சட்டைப் பித்தான் போடறதை ஒரு வருஷமா தினம் பார்க்கறேனே. மேல் பித்தானை முதல்ல போட மாட்டார். சட்டையைச் சுவத்துல அழுத்திக்கிட்டு, கீழேர்ந்து ஆரம்பிப்பார். அப்பதான் நழுவாது."